எந்த அணிக்கு இடம்? காலேஜ் ஃபுட்பால் வாக்குவாதத்தை முறையாகச் செய்வது எப்படி

அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையால் வீசியும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவது) நவம்பர் பிறந்தாலே சண்டைதான். சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃப் சுற்றுக்கு யார் உள்ளே, யார் வெளியே? 130-க்கும் மேற்பட்ட அணிகள் முதல் நிலையில் ஆடுகின்றன, வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 12 ஆட்டம்தான், அதனால் எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை, புள்ளிப் பட்டியலைப் பார்த்து முடித்துவிடவும் முடியாது. ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து பேசித்தான் வரிசை போடுகிறது. சரி, அவர்களே பேசித்தான் முடிவு செய்கிறார்கள் என்றால் நாமும் பேசலாம், கொஞ்சம் முறையோடு.

முதலில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இன்றைக்கு மோதினால் எந்த அணி ஜெயிக்கும் என்பது ஒன்று, சீசன் முழுக்க ஆடி எந்த அணி அந்த இடத்தைச் சம்பாதித்தது என்பது வேறு. பாதிச் சண்டை முடியாமல் இழுப்பதற்குக் காரணம், எதிராளி நடுவிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுவதுதான்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 4 இடம்தான். ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்து, தன் கான்ஃபரன்ஸான (சில அணிகள் சேர்ந்த லீக்) ஏசிசியின் பட்டமும் வாங்கியும் வெளியே நின்றது. ஒரு தோல்வியோடு இருந்த அலபாமா உள்ளே போனது. நவம்பரில் அந்த அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டான் டிராவிஸ் காயப்பட்டுவிட்டார், இனி அது பழைய அணி இல்லை என்பதுதான் வாதம். அலபாமாவோ அப்போதுதான் ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தியிருந்தது. அலபாமாவை உள்ளே விட்டால் டெக்சாஸையும் விட்டாக வேண்டும், ஏனென்றால் செப்டம்பரில் அலபாமாவின் சொந்த மைதானத்திலேயே 34-24 என்று ஜெயித்த அணி அது. இதில் நான் ஃப்ளோரிடா ஸ்டேட் பக்கம்தான். ஜெயித்ததை எண்ணாமல், இனிமேல் தோற்பார்கள் என்று ஊகித்து வெளியேற்றுவது என்ன நியாயம்?

அப்புறம், உங்கள் விதியை வேறொரு வருடத்தில் போட்டுப் பாருங்கள். முதன்மை குவார்ட்டர்பேக் போனால் அணி போச்சு என்றால், 2014-இல் ஒஹையோ ஸ்டேட் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை இறக்கி விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கி, கடைசியில் சாம்பியனும் ஆனதே!

தேர்வுக்குப் பிறகு நடந்ததைச் சாட்சியாகக் கொண்டுவர விடாதீர்கள். சீசனுக்குப் பிறகு நடக்கும் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் ஃப்ளோரிடா ஸ்டேட் 63-3 என்று தோற்றதைச் சொல்லி வாயை அடைப்பார்கள். பல முக்கிய வீரர்கள் ஆடாமல் விலகிக்கொண்ட ஆட்டம் அது, எதையும் நிரூபிக்கவில்லை.

நேருக்கு நேர் மோதிய முடிவு இருந்தால் அதை முன்னால் வையுங்கள். 2025-இல் மயாமியும் நோட்ர டேமும் தலா 10 வெற்றி, 2 தோல்வி, அதுவும் முதல் ஆட்டத்திலேயே மயாமி 27-24 என்று ஜெயித்திருந்தது. இருந்தும் பல வாரம் நோட்ர டேமையே மேலே வைத்திருந்த குழு, கடைசி நாளில் மாற்றிப் போட்டது. முடிவு சரி. அதை அத்தனை வாரம் தள்ளியதைத்தான் கேள்வி கேட்க வேண்டும். யாரோடு ஆடினார்கள், எங்கே ஆடினார்கள் என்பதும் முக்கியம்தான், ஆனால் எதிரணிகள் பலமானவை என்ற ஒரே காரணத்தைத் தோல்விகளை மூடி மறைக்கப் பயன்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2024-இல் 9 வெற்றி, 3 தோல்வி என்று முடித்த அலபாமா, வாண்டர்பில்ட்டிடமும் தோற்றிருந்தது. பலமான எதிரணி என்று அதைச் சொல்ல முடியுமா?

கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியை என்ன செய்வது என்பது இன்னும் சிக்கல். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது கூடுதலாக ஓர் ஆட்டம் ஆடியதற்குத் தண்டனை கூடாது என்பது என் கட்சி. எப்படியானாலும் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025-இல் ஒரே நாளில் தத்தம் கான்ஃபரன்ஸ் இறுதியில் பிஒய்யு (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) 34-7 என்று டெக்சாஸ் டெக்கிடமும், அலபாமா 28-7 என்று ஜார்ஜியாவிடமும் தோற்றன. பிஒய்யு ஓர் இடம் இறங்கி 12-க்குப் போய் வெளியே நின்றது, அலபாமா 9-ஆம் இடத்திலிருந்து அசையவே இல்லை. அலபாமா ரசிகர் யாராவது வாதத்துக்கு வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.