தொழில் நடத்திய உறவினரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

தொழில் நடத்தி வந்த ஒருவர் மறையும்போது அவருடைய வாழ்க்கையில் ஒரு பாதி வீட்டில் இருப்பவர்களின் நினைவில் தங்குகிறது. மறு பாதி மேசை இழுப்பறையிலும், கணக்குப் புத்தகங்களிலும், அவரோடு வேலை பார்த்தவர்களிடமும் சிதறிக் கிடக்கிறது. நினைவுக் குறிப்பு எழுத உட்காரும் குடும்பத்தினர் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதால், கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோருக்கும் உதவியவர் என்று யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தக்கூடிய சொற்களே மிஞ்சுகின்றன. ஒரு தொழில்முனைவோரின் குணம், யாருக்குக் கடன் கொடுத்தார், யாருக்கு மறுத்தார், பணம் இல்லாத மாதத்தில் யாருக்கு முதலில் கொடுத்தார் என்பதில்தான் துலங்கும். ஆகவே அந்த மறு பாதியைத் தேடுவதிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது எழுதுவதன்று. அலுவலகத்தைக் காலி செய்வதைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைப்பது. இடத்தை ஒப்படைக்கும் அவசரத்தில் பழைய தாள்கள் மூட்டை கட்டப்பட்டுவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டா. சொத்து, வரி, வங்கிக் கடன் தொடர்பான மூலப் பத்திரங்களை அவற்றைக் கவனிப்பவரிடம் நகல் எடுத்துக்கொண்டு ஒப்படைத்துவிடலாம். மற்றவற்றில் முதல் ஆண்டுப் பேரேடு, ஒவ்வொரு காலத்திலும் அச்சிட்ட கடிதத் தலைப்பு, விலைப்பட்டியல், நிராகரிக்கப்பட்ட கடன் விண்ணப்பம், கைவிடப்பட்ட திட்டங்களின் கிறுக்கல்கள் ஆகியவற்றைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும். வெற்றிக்குக் கிடைத்த கேடயங்களை யாரும் தூக்கி எறிவதில்லை. நிராகரிப்புக் கடிதங்களைத்தான் எறிகிறார்கள்.

இவற்றில் அச்சு மங்கும் வேகம் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெப்ப அச்சில் வரும் பளபளப்பான ரசீதுகள் வெளிச்சத்திலும் சூட்டிலும் விரைவில் வெளுத்துப்போகும் என்பதால் அவற்றையே முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். சாதாரணத் தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை) போதும். சிறிய புகைப்படங்களை 600 டிபிஐ அளவில் எடுத்தால் பின்னால் பெரிதாக்க முடியும். துருப்பிடிக்கும் கிளிப்புகளையும் ரப்பர் வளையங்களையும் கழற்றிவிடுங்கள். படங்களின் பின்புறத்தில் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் பெயரையும் ஆண்டையும் குறிக்கலாம். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் படங்களைக் கெடுக்கும். அமிலம் நீக்கிய தாள் உறைகள் நல்லவை.

கைப்பேசியும் ஓர் ஆவணம்தான். அதற்குக் கெடு உண்டு. வாட்ஸ்அப் கணக்கு 120 நாட்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். கூகுள் தனிநபர் கணக்குகள் 2 ஆண்டுகள் தொடப்படாமல் இருந்தால் அந்நிறுவனம் அவற்றை அழிக்கலாம். எண்ணைத் துண்டிப்பதற்கு முன்பே, குடும்பத்தாரின் சம்மதத்தோடு முக்கியமான உரையாடல்களையும் குரல் பதிவுகளையும் வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும். "சரக்கு வந்துவிட்டதா?" என்று கேட்கும் பத்து நொடிக் குரல், அவர் மேடையில் பேசிய பேச்சைவிட அவரைப் போலவே இருக்கும்.

அடுத்து, கணக்கேடுகளைப் படிக்க வேண்டும். இத்தாலியின் பிராத்தோ நகரத்து வணிகரான பிரான்செஸ்கோ தாத்தீனி 1410-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சுமார் 1,50,000 கடிதங்களும் 500-க்கும் மேற்பட்ட கணக்கேடுகளும் 1870-இல் அவருடைய வீட்டில் கண்டெடுக்கப்பட்டன. மனைவி மார்கெரிட்டாவும் அவரும் எழுதிக்கொண்ட கடிதங்களும் அவற்றில் அடங்கும். மன்னரோ தளபதியோ அல்லாத ஒரு வணிகரின் அன்றாடம் இத்தனை நூற்றாண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்தத் தாள்கள்தான். நம் வீட்டு ஏடுகளையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். எந்த ஆண்டில் முதலாளி தனக்கென்று பணம் எடுப்பதை நிறுத்தினார், எந்த மாதத்தில் சம்பளப் பட்டியலில் பெயர்கள் குறைந்தன, எந்த வாடிக்கையாளரின் பாக்கி வராக்கடனாகத் தள்ளப்பட்டது என்று மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாலே, இதுவரை வீட்டில் யாரும் சொல்லாத ஒரு கால வரிசை கிடைத்துவிடும்.

தையல் கூடம் நடத்திய என் பெரியம்மாவைப் பற்றி, அவர் யாருக்கும் ஒரு பைசா கடன் தரமாட்டார் என்பதுதான் எங்கள் குடும்பத்தில் வழங்கிவந்த பேச்சு. அவருடைய பேரேட்டில் ஒரு பக்கத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை அடிக்கப்பட்டு, "வேண்டாம்" என்று எழுதப்பட்டிருந்தது. அவரிடம் துணி வெட்டும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரிடம் கேட்டபோதுதான், கூடத்தை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போனவர்களுக்குத் தையல் எந்திரத்தைத் தவணைக்குக் கொடுத்து, பிறகு தவணையைக் கேட்காமலே விட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் இல்லாமல் அவரைப் பற்றி நான் எழுதியிருந்தால் அது பொய்யாகவே போயிருக்கும்.

ஏடு கேள்வியை எழுப்பும். பதில் மனிதர்களிடம் இருக்கும். உறவினர்களைவிட முன்னாள் ஊழியர், சரக்கு கொடுத்தவர், கணக்கு எழுதியவர், பிரிந்துபோன கூட்டாளி, முடிந்தால் போட்டியாளர் ஆகியோரை முதலில் பார்ப்பது நல்லது. வயது முதிர்ந்தவர்கள் தங்கள் வாழ்வில் 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளையே அதிகம் நினைவுகூர்கிறார்கள் என்று நினைவாற்றல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்; ஆகவே இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த ஊழியரிடம் தொடக்க ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் நிறையக் கிடைக்கும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், பாராட்டுரைதான் வரும். "எந்த வேலையை எடுக்க மாட்டேன் என்று மறுத்தார்?", "உங்களை எதற்காகத் திட்டினார்?", "தான் செய்தது தவறு என்று எப்போதாவது ஒப்புக்கொண்டாரா?" என்று கேட்டால் நிகழ்ச்சி வரும். ஒரு பழைய விலைப்பட்டியலையோ கருவியையோ கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது, தயார் செய்துகொண்டு போன பல கேள்விகளைவிட மேலானது. அனுமதி பெற்றே பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். பதிவுக் கருவியை அணைத்த பிறகு வாசலில் நின்று சொல்வதுதான் பல நேரங்களில் முக்கியமாக இருக்கும். வழியிலேயே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் எடுத்த ஒரு கடினமான முடிவிலிருந்து தொடங்கி, அதற்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தவற்றைப் பின்னால் சொல்லலாம். நொடித்துப்போன முயற்சியையும் எழுத வேண்டும். எவ்வளவு இழந்தார், எப்படி மீண்டார், மீளாமலே போனதா என்பதை நேராகச் சொல்லலாம். தொழிலுக்காக அவர் வீட்டில் இல்லாமல் போன நாட்களின் விலையைக் கொடுத்தவர்கள் குடும்பத்தார் என்பதால், அவர்களுடைய மனக்குறைக்கும் இடம் தர வேண்டும். அன்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சி இதை மறைக்கும் எழுத்தைவிட, இதைச் சொன்ன எழுத்தில்தான் அவர் உயிரோடு இருப்பார் என்பது என் எண்ணம். ஆனால் ஊழியரின் சம்பளம், வாடிக்கையாளரின் பாக்கி போன்றவற்றைப் பெயரோடு வெளியிட நமக்கு உரிமையில்லை; என்னிடமிருந்த ஏழு பெயர்களையும் நான் எழுதவில்லை. பாகப்பிரிவினையோ பங்குத் தகராறோ நடந்துகொண்டிருந்தால், அந்தப் பகுதியை எழுதி மூடி வைத்துவிட்டு, வழக்கறிஞரைக் கேட்காமல் யாருக்கும் காட்டாதிருப்பதே அறிவு.

முடிந்த கோப்புகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்திருப்பது ஆவணக் காப்பில் பழகிய விதி. புத்தகமாக்க விரும்பினால் முதலில் பத்துப் பிரதிகள் மட்டும், அகலமான ஓரம் விட்டு அச்சிட்டு, பேட்டி கொடுத்தவர்களிடம் ஒரு பென்சிலோடு கொடுங்கள். துணி வெட்டியவரிடமிருந்து எனக்குத் திரும்பி வந்த பிரதியில் இரண்டு ஆண்டுகள் திருத்தப்பட்டிருந்தன. ஏழு என்ற எண் அடிக்கப்பட்டு, ஓரத்தில் எட்டு என்று எழுதி, அவர் தம் பெயரைச் சேர்த்திருந்தார்.