கெட்சாரை சார்ல வாங்காதீங்க: சி-யில கன்வர்ஷன் வார்னிங் படிக்கிறது எப்படி

ஃபைல எழுத்து எழுத்தா படிச்சு எத்தனை வரி இருக்குன்னு எண்ணுற சின்ன ப்ரோக்ராம். லேப்டாப்ல நல்லா ஓடுச்சு, அதையே லினக்ஸ் போட்ட ஒரு ஏஆர்எம் போர்டுல கம்பைல் பண்ணி ஓட்டினா நிக்கவே இல்ல. ரெண்டு நாள் லூப்பையே நோண்டிட்டு இருந்தேன், தப்பு டிக்ளரேஷன்ல இருந்துச்சு.

ஜிசிசிங்கற சி கம்பைலர போட்டு ஹலோ வேர்ல்ட் தாண்டிட்டீங்கன்னு வச்சுக்கறேன்.

முதல்ல ஆப்ஷன். மைனஸ் டபிள்யூ ஆல் குடுத்தா எல்லா வார்னிங்கும் வரும்னு நினைப்போம், வராது. டபிள்யூ எக்ஸ்ட்ரா சேர்த்தாலும் கன்வர்ஷன் வார்னிங், அதாவது ஒரு டைப்ல இருந்து இன்னொரு டைப்புக்கு மாத்தறதப் பத்தின வார்னிங், வராது, மைனஸ் டபிள்யூ கன்வர்ஷன்னு தனியா குடுக்கணும். மூணையும் சேர்த்தே அடிச்சுப் பழகுங்க.

அடுத்து, வார்னிங்க படிக்கிறது. ஃபைல் பேர், வரி நம்பர், மெசேஜ், கடைசியா சதுர ப்ராக்கெட்ல எந்த ஆப்ஷனால வந்துச்சுங்கறது. எனக்கு வந்தது, இன்ட்ல (முழு எண் டைப்) இருந்து சாருக்கு (எழுத்து வைக்கிற சின்ன டைப்) மாத்தறப்ப மதிப்பு மாறலாம்னு. வரி இதான்:

சார் சி;
வைல் ((சி = கெட்சார்()) != இஓஎஃப்)

இங்க கொஞ்சம் நில்லுங்க. கெட்சார்ங்கறது ஒரு எழுத்து படிச்சுத் தர்ற ஃபங்ஷன், பேரப் பாத்தா ஒரு சார் தரும்னு தோணும், ஆனா அது தர்றது இன்ட். ஏன்னா 0-ல இருந்து 255 வரைக்கும் எந்த பைட் வேணா வரலாம், அதுபோக ஃபைல் முடிஞ்சுதுன்னு சொல்ல இன்னொரு மதிப்பு வேணும், அதான் இஓஎஃப், வழக்கமா -1. ஆக மொத்தம் 257 மதிப்பு, சாரோட எட்டு பிட்டுல எப்படி அடங்கும்? லேப்டாப்ல சார் சைன்டு, அதாவது மைனஸ் எண்ணும் வைக்கலாம், -1 போட்டா -1ஆவே இருக்கும், லூப் நிக்கும். அந்த போர்டுல சார் அன்சைன்டு, மைனஸே கிடையாது, -1 உள்ள போனதும் 255 ஆயிடும், அது எந்தக் காலத்துலயும் -1க்கு சமமாகாது, லூப் ஓடிட்டே இருக்கும்.

லேப்டாப்ல ஓடினதும் உண்மையில தப்புதான். 255ங்கற பைட் வந்தா அதையே முடிவுன்னு எடுத்துக்கும். யூடிஎஃப்-8 தமிழ் ஃபைல்ல அந்த பைட் வராது, அதனால கண்ணுல படல. ஒரு ஜேபெக் ஃபைல குடுத்துப் பாருங்க, அதோட முதல் பைட்டே 255, உடனே 0 வரின்னு சொல்லிட்டு முடிஞ்சிடும்.

சரி பண்ண சார் சி-ய இன்ட் சி ஆக்கினா போதும். தயவுசெஞ்சு காஸ்ட் (டைப்ப நாமளே எழுதி மாத்தறது) போட்டு வார்னிங்க அமுக்காதீங்க, சத்தம் நின்னுடும், பக் அங்கயே இருக்கும். மதிப்பு அந்த டைப்புக்குள்ள கண்டிப்பா அடங்கும்னு தெரிஞ்சா மட்டும் காஸ்ட்.

எனக்கு கிளாங்ங்கற இன்னொரு கம்பைலர் இன்னும் பிடிக்கும், அதுலயும் ஒருக்கா கம்பைல் பண்ணிப் பாருங்க, ஒண்ணு சொல்லாதத இன்னொண்ணு சொல்லும். வார்னிங் எல்லாத்தையும் எரராவே ஆக்குற மைனஸ் டபிள்யூ எரர் இப்போதைக்கு வேணாம், பழைய கோடு எல்லாம் கம்பைலே ஆகாம நிக்கும், படிக்கற ஆசையே போயிடும்.

அப்டேட்: ரெண்டு ஷார்ட்ட (சின்ன முழு எண் டைப்) கூட்டி ஷார்ட்லதான் வைக்கிறேன், வார்னிங்ல இன்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. கூட்டறதுக்கு முன்னாடியே சி ரெண்டையும் இன்ட்டா மாத்திடும். 30000 கூட 10000 கூட்டினா 40000, ஆனா 16 பிட் ஷார்ட்ல 32767 வரைக்கும்தான் இடம், ஜிசிசில -25536னு வரும். அதனால மெமரி மிச்சம் பண்ண அரேய ஷார்ட்ல வைங்க, கூட்டற கணக்க இன்ட்ல வைங்க.