பட்டாளத்துப் பெட்டி வீடு வந்த பிறகு: படைவீரரின் சொத்து, கடன், சிறைப்பட்ட காலத்துச் சம்பளம்

சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே, குடிபாலா பக்கத்து ஊர்க்காரன் நான். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், எங்கள் ஊர்களிலும் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நிறைய. நான் யூனிட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். ஊரில் யாருக்கு ராணுவக் கடிதம் வந்தாலும் என்னிடம் எடுத்து வருவார்கள்.

அப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. காரியம் முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை. வட்டிக்குக் கொடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அண்ணா, பென்ஷன் வந்தா மொதல்ல இவருக்குத்தான் கட்டணுமாமே, நெசமா?" என்று இறந்துபோன வீரரின் மனைவி கேட்டாள். "இல்லம்மா, உன் பென்ஷன அவரால தொடவே முடியாது" என்றேன். சொல்லி என்ன பயன்? முந்தின நாளே அவள் பெயரில் புதுப் புரோநோட்டு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். கணவன் விட்டுப்போன சொத்தோடு நின்றிருக்க வேண்டிய கடன் அவள் தலையில் ஏறிவிட்டது. ஒரு நாள் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். சட்டம் எதுவும் தெரியாதவர்களுக்காக, முதல் படியிலிருந்து.

படி 1: எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டை எடுத்து மூன்று பக்கம் ஒதுக்குங்கள்.

முதல் பக்கத்தில், அவர் யூனிட்டில் விட்டுப்போனவை: பெட்டி, உடைமைகள், சேரவேண்டிய சம்பள பாக்கி. இவற்றுக்கென்றே 1950-இல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். தரைப்படை, விமானப்படைக்காரர்களின் சொந்தப் பொருள்களை என்ன செய்வது என்று சொல்லும் சட்டம் அது.

இரண்டாம் பக்கத்தில், ஊரில் உள்ளவை: நிலம், வீடு, நகை, வங்கிப் பணம். இவை வாரிசுரிமைச் சட்டப்படி போகும். இதில் ராணுவத்துக்கு வேலை இல்லை.

மூன்றாம் பக்கத்தில், அவர் இறந்ததால் குடும்பத்துக்கு வருபவை. குடும்ப ஓய்வூதியம் இதில் முக்கியம். இது அவருடைய சொத்தே அல்ல. உயிரோடு இருக்கும்போது அவர் கையில் இல்லாத பணம் இது. ஆகவே உயிலில் எழுதி வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றி 1980-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் சண்டையும் ஏமாற்றமும் தொடங்குகின்றன. பிரித்து எழுதி முடித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: பெட்டியும் பட்டியலும்

வீரர் இறந்ததும் அவருடைய கமாண்டிங் ஆபீசர் (யூனிட்டின் தலைமை அதிகாரி) முகாமில் இருக்கும் பொருள்களைப் பத்திரப்படுத்தி, பட்டியல் போட்டு, சேரவேண்டிய சம்பளத்தையும் எடுத்து வைக்க வேண்டும். இறந்தவர் ஆபீசர் என்றால் இந்த வேலையை 'கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற குழு செய்யும். படையை விட்டு ஓடிப்போனவர்களின் பொருள்களுக்கும் இதே சட்டம்தான்.

அந்தப் பணத்திலிருந்து முகாமுக்குள் பட்ட கடன்கள் முதலில் கழியும். மெஸ் பாக்கி, ரெஜிமென்ட் நிதியில் வாங்கிய முன்பணம் போன்றவை. மிச்சம்தான் குடும்பத்துக்கு வரும். நான் கணக்கு எழுதிய காலத்தில் பார்த்தவரை இந்தக் கடன்கள் பெரும்பாலும் சின்னத் தொகைகள்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கடனைத் தீர்க்க அவருடைய பொருள்களை விற்கும் அதிகாரம் யூனிட்டுக்கு உண்டு. அந்தக் கடனுக்கு நாங்கள் பொறுப்பு என்று குடும்பம் பிணை கொடுத்தால் பொருள்களை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். அவர் கட்டியிருந்த வாட்ச், எழுதிய டைரி, பிள்ளைக்கு வாங்கி வைத்த சட்டை, எது வேண்டுமோ அதை உடனே கடிதமாக எழுதிக் கேளுங்கள். விற்றுப்போன பிறகு கேட்டால் யாராலும் திருப்பித் தர முடியாது.

பெட்டி வந்ததும், கொண்டுவந்த ஜவான்கள் எதிரிலேயே திறந்து, பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் கையெழுத்துக் கேட்காமல், மாமனோ மச்சானோ நிதானமாக ஒருவர் முன்னால் நிற்கட்டும். குறைந்தது எதுவாக இருந்தாலும் அதே தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சர்க்கார் கொடுத்த உடுப்பும் சாமானும் பெட்டியில் வராது. அவை திரும்பப் போகவேண்டியவை.

படி 3: கடன்காரர் வாசலுக்கு வந்தால்

அவர் உயிரோடு பணியில் இருந்தபோது, 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அவருடைய சம்பளத்தைக் காத்தது. எந்த சிவில் கோர்ட்டும் ரெவின்யூ அதிகாரியும் கடன் வழக்குத் தீர்ப்புக்காக (டிகிரி) அதை ஜப்தி செய்ய முடியாது. 29-ஆம் பிரிவின்படி, பணியில் இருக்கும்வரை கடனுக்காக அவரைக் கைது செய்யவும் முடியாது. இதனால் கடனே இல்லை என்று ஆகிவிடாது. சிவில் வழக்குப் போடலாம், நிலத்தின் மேல் போகலாம். மனைவி மக்களைப் பராமரிக்காதவர் இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒளியவும் முடியாது. அவர் சம்பளத்திலிருந்து பராமரிப்புத் தொகையைப் பிடித்துக் குடும்பத்துக்குக் கொடுக்க ராணுவத்துக்கே அதிகாரம் உண்டு. அப்படிப்பட்ட பெண்கள் கமாண்டிங் ஆபீசருக்கு நேராக எழுதலாம்.

அவர் இறந்த பிறகு நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இது. வாரிசுக்கு எவ்வளவு சொத்து வந்ததோ அந்த அளவுக்குத்தான் அவருடைய கடனுக்குப் பொறுப்பு. இரண்டு லட்சம் பெறும் சொத்து வந்து, ஐந்து லட்சம் கடன் இருந்தால், உங்கள் சொந்த நகையை விற்று மீதி மூன்று லட்சத்தைக் கட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

குடும்ப ஓய்வூதியத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டது. வரப்போகும் பென்ஷனை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தாலும் அந்தப் பத்திரம் செல்லாது. அதனால் பென்ஷன் கணக்கின் ஏ.டி.எம். கார்டை அடமானமாகக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கம் இந்தப் பழக்கம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

புரோநோட்டைக் காட்டினால் கையில் வாங்கித் தேதியைப் பாருங்கள். கேட்டதும் கொடுப்பதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் வட்டி கட்டி நோட்டின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டு, "வக்கீலக் கேட்டுச் சொல்றேங்க" என்று சொல்லி அனுப்புங்கள். புதுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உதவி உண்டு. சித்தூரிலும் உண்டு, வேலூரிலும் உண்டு.

படி 4: வாரிசு காகிதம்

எல்லைப் பக்கத்துக்காரர்கள் அதிகம் அலைவது இதற்குத்தான்.

ஆந்திராவில் குடியிருந்தால், தாசில்தார் கொடுக்கும் 'ஃபேமிலி மெம்பர் சர்டிபிகேட்' வாங்குங்கள். மீ சேவா என்ற அரசு சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் குடியிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்து வாரிசு சான்றிதழ். வங்கியோ வேறு அலுவலகமோ இது போதாது என்றால், சிவில் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். தெலுங்குக் காகிதத்தை ரெக்கார்ட் ஆபீசுக்கு (ரெஜிமென்ட் வீரர்களின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) அனுப்பும்போது, சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் கூடவே வையுங்கள்.

அடுத்தது பெயர். நாம் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். தெலுங்கு வழக்கத்தில் 'இன்டி பேரு' என்று வீட்டுப் பெயர் முன்னால் வரும். ஆந்திராவில் படித்த பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மனைவியின் ஆதாரில் இன்னொரு மாதிரி, பட்டாளத்து சர்வீஸ் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நிரூபிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். உயிரோடு இருக்கும்போதே 'பார்ட் டூ ஆர்டர்' (வீரரின் சொந்த விவரங்களைப் பதிந்து யூனிட் வெளியிடும் ஆணை) வெளியிட்டு இதைச் சரிசெய்வது சுலபம். கல்யாணம், பிள்ளை பிறப்பு, பெயர்த் திருத்தம் எல்லாம் அந்த ஆர்டரில் ஏற வேண்டும். கல்யாணமே ஏறாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனைவிகள் பட்ட பாட்டை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பங்கு விஷயம். உயில் இல்லாமல் இறந்த இந்து வீரரின் தனிச் சொத்தில் மனைவி, ஒவ்வொரு மகன், ஒவ்வொரு மகள், அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. அப்பாவுக்கு அந்த முதல் வரிசையில் இடம் இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா இருந்து சொத்து 12 லட்சம் என்றால் ஆளுக்கு 3 லட்சம். "நாமினி என் பேருதான், எல்லாம் எனக்கே" என்று மருமகளும், "பெத்தவ நான் இருக்கேன்" என்று மாமியாரும் மல்லுக்கு நிற்பது வழக்கம். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தைக் கையில் வாங்கும் ஆள்தான்; வாங்கி உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர். ராணுவக் குழுக் காப்பீட்டுத் தொகை அவர் எழுதிவைத்த நியமனப்படி வரும். மாமியாரையும் மருமகளையும் ஒரே பாயில் உட்காரவைத்து இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

படி 5: ஊரில் வழக்கு, அவர் எல்லையில்

1925-ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் இதற்காகவே வந்தது. போர்க்காலம் போன்ற சிறப்புச் சூழலில் பணியாற்றும் வீரர் கோர்ட்டுக்கு வர முடியாமல், அவருக்காகப் பேசவும் ஆள் இல்லாவிட்டால், கோர்ட் வழக்கை நிறுத்திவைக்க வேண்டும். அவர் இல்லாமலே வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கவும் வழி உண்டு. சாதாரண லீவில் வருபவர், ராணுவச் சட்டம் 32-ஆம் பிரிவின்படி லீவுச் சான்றிதழைக் காட்டி, முடிந்தவரை லீவுக்குள்ளேயே விசாரித்து முடிக்கும்படி கேட்கலாம். வக்கீலிடம் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: காணவில்லை, அல்லது சிறைப்பட்டார் என்று தகவல் வந்தால்

காணாமல்போனவர் இறந்தவர் அல்ல. அதனால் வாரிசுப் பங்கீட்டைத் தொடங்க முடியாது. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அதற்குள் யாராவது வந்து நிலத்தை எழுதிக்கொடு என்றால் மறுத்துவிடுங்கள். அவர் முன்பு கொடுத்த பவர் பத்திரத்தை வைத்தும் விற்காதீர்கள். அவர் இறந்திருந்தால் அந்தப் பவரும் அன்றோடு முடிந்திருக்கும்.

ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ராணுவச் சட்டம் 99-ஆம் பிரிவு, போர்க்கைதியாக இருப்பவர் அல்லது காணாமல்போனவரின் சம்பளத்திலிருந்து அவரை நம்பியிருப்பவர்களுக்கு ஏற்பாடு செய்ய இடம் தருகிறது. ரெக்கார்ட் ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அந்த ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. திரும்பி வந்தவர் பிடிபட்ட விதம் பற்றி விசாரணை நடந்தால், 96-ஆம் பிரிவின்படி அவர் சம்பளத்தை நிறுத்திவைக்க முடியும். அந்த விசாரணை முடியும்வரை அவரைப் போர்க்கைதியாகவே கருதிக் குடும்பத்துக்கான ஏற்பாட்டைத் தொடரலாம் என்று 100-ஆம் பிரிவு சொல்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

எதிரி நாட்டின் கையில் இருக்கும்போது அவரைக் காப்பது 1949-ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம். கைதி தன் சிவில் உரிமைகளை இழப்பதில்லை. அவர் நிலம் அவர் நிலம்தான். கேட்டால் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் மட்டும் சொன்னால் போதும். முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் அட்டையை எழுத அவரை அனுமதிக்க வேண்டும். கடிதங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தாலும், மாதம் 2 கடிதம், 4 அட்டைக்குக் குறையக் கூடாது. கையில் இருந்த பணத்தை ரசீது இல்லாமல் பறிக்கக் கூடாது. சிறைப்படுத்திய நாடு மாதாமாதம் முன்பணமும் தர வேண்டும். சார்ஜென்ட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதிய தொகை 8 சுவிஸ் பிராங்க். அங்கே இறந்துபோனால், அவருடைய உயிலும், முத்திரையிட்ட பொதியில் உடைமைகளும் தாய்நாட்டுக்கு வந்துசேர வேண்டும்.

எத்தனை நாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. 2019-இல் விங் கமாண்டர் அபிநந்தன் பிப்ரவரி 27-இல் பிடிபட்டு மார்ச் 1-இல் வாகா வழியாக வந்துவிட்டார். 1971 டிசம்பரில் சரணடைந்த பாகிஸ்தான் படையினரில் கடைசி ஆட்கள் ஊர் திரும்பியது 1974-இல். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு தேதி எழுதி வையுங்கள்.

படி 7: இந்த லீவிலேயே செய்யவேண்டியது

மேலே உள்ள எல்லாவற்றையும் சுலபமாக்குவது உயில். போர்முனையில் இருக்கும் வீரர் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் எழுதலாம், வாயாலேயே சொல்லலாம் என்று 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் 65, 66-ஆம் பிரிவுகள் இருக்கின்றன. அதைக் கேள்விப்பட்டு அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இந்துக்களுக்குப் பொருந்தும் பிரிவுகளின் பட்டியலில் அவை இல்லை; முஸ்லிம்களின் உயிலுக்கும் அந்தப் பகுதி பொருந்தாது. கிறிஸ்தவ வீரர் அதைப் பயன்படுத்தலாம். இந்து வீரர் இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திட்டு, அவர்களும் அவர் எதிரில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை.

சாட்சியாக ரெஜிமென்ட் நண்பர்களைப் போட்டால், நாளைக்கு ஒருவர் அஸ்ஸாமில் இருப்பார், இன்னொருவர் ராஜஸ்தானில். உயிலை நிரூபிக்கக் குறைந்தது ஒரு சாட்சியாவது கோர்ட்டில் நிற்க வேண்டும். உயிலில் பங்கு இல்லாத, வயதில் சிறிய, ஊரிலேயே இருக்கும் இரண்டு பேராகப் பாருங்கள். காட்பாடியில் ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் வேண்டாம். லீவுக்கு வந்த முதல் வாரத்திலேயே முடித்து, அசலை வீட்டிலும் நகலை அம்மா வீட்டிலும் வையுங்கள். பார்ட் டூ ஆர்டர் நகல், நிலத்தின் பாஸ்புக், வாங்கிய கடன், கொடுத்த கடன் எல்லாவற்றின் தொகையும் தேதியும் எழுதிய தாள், மூன்றும் உயில் இருக்கும் உறையிலேயே இருக்கட்டும்.