துக்க வீட்டுக்குச் சபையார் போகும்போது

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் அடக்க ஆராதனைக்கு ஆள் குறைவதே இல்லை. முதல் வாரம் துக்க வீட்டு முற்றத்தில் நாற்காலி போதாது. ஊர் வழக்கப்படி 16-ஆம் நாளோ 40-ஆம் நாளோ ஜெபக்கூட்டம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. சபையின் வேலை தொடங்குவதே அன்றைக்குத்தான்.

போகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. கணவரை இழந்தவர் வீடு என்றால் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவராவது வேண்டும். முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பிளாஸ்கில் காபி கொண்டுபோங்கள். வந்தவர்களுக்குக் காபி போட்டே அந்த வீட்டுப் பெண்கள் களைத்திருப்பார்கள். அரை மணி நேரம் போதும்.

என்ன பேசுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். வேதாகமத்தில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். பேசத் தொடங்கியதும் கெட்டது. ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்பது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் வாயால் சொன்னது. பார்க்க வந்தவர் அதை எடுத்துச் சொன்னால் ‘அழாதே’ என்றுதான் கேட்கும். ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக’ என்ற ரோமர் 8:28-ம் அப்படியே. ‘இன்னும் கொஞ்சம் ஜெபித்திருக்கலாம்’ என்பதை எந்த வீட்டிலும் சொல்லக் கூடாது.

இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பலர் அதைத் தவிர்க்கிறார்கள், வீட்டாரோ அந்தப் பெயரைக் கேட்க ஏங்குகிறார்கள். ‘எப்படி நடந்தது?’ என்று துருவ வேண்டாம். அதை ஐம்பது பேருக்குச் சொல்லி முடித்திருப்பார்கள். அழுதால் அழட்டும். ‘ஜெபிக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு, சங்கீதம் 23 வாசித்து, மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கம் வைக்காதீர்கள்.

சாப்பாடு முதல் மூன்று நாள் குவிந்து வீணாகும், பிறகு நின்றுபோகும். அதனால் சங்கத்தில் ஒருவர் ஆறு வாரத்துக்குப் பட்டியல் போடட்டும்: வாரம் இரண்டு நாள், ஒரு நாளுக்கு ஒரு வீடு. பிரியாணி வேண்டாம். ரசம், துவையல், இரண்டு லிட்டர் இட்லி மாவு. மாவு மட்டும் இருந்தால் நாலு பேர் வீட்டில் இரண்டு நாள் ஓடிவிடும். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பாதீர்கள்.

காகித வேலைக்கு ஒருவரை நியமியுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வங்கி, வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பத்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள். தாலுகா அலுவலகத்துக்குக் கூடப் போய் வருவதும் ஊழியம்தான், மைக் இல்லாததால் பலருக்கு அது தெரிவதில்லை.

பணம் கொடுப்பதாக இருந்தால் உறையில் வைத்துக் கையில் கொடுங்கள், ஆராதனை அறிவிப்பில் தொகையைச் சொல்லாதீர்கள். கடன், குடி, தற்கொலை போன்ற விஷயங்களை வீட்டாரின் சம்மதமில்லாமல் ஜெபக் குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ‘ஜெபத்துக்காக மட்டும்’ என்ற தலைப்போடுதான் பெரும்பாலான புறணி கிளம்புகிறது. ஒருமுறை அப்படி வெளியே போய்விட்டால் அந்தக் குடும்பம் அடுத்த முறை சபைக் குருவானவரிடம்கூட வாய் திறக்காது.

துக்கத்துக்குப் பிறகு கோயிலுக்கு வரும் முதல் ஞாயிறு கடினம். வாசலில் மொய்க்காமல், யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பாட்டின் நடுவில் எழுந்து வெளியே போனால் கூடவே ஓட வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீரோடு போங்கள்.

சபைக் குருவானவர் கையில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. பிறந்தநாள், திருமணநாள், இறந்தநாள் மூன்றும் அவற்றிலிருந்தே கிடைக்கும். காலண்டரில் குறித்துவைத்து, அந்தந்த நாளில் ஒருவர் போன் செய்யட்டும். நவம்பர் 2-இல் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழக்கம் இருந்தால் முந்தின நாளே போய்க் களை பிடுங்க வாலிபர் சங்கத்தை அனுப்புங்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் நட்சத்திரம் கட்டியிருக்க மாட்டார்கள். கேரல் குழு அந்த வீட்டைச் சொல்லாமல் தாண்டிப் போவதும் தப்பு, டிரம்மோடு நுழைவதும் தப்பு. ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். வரச் சொன்னால் டிரம்மைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு, ஒரே ஒரு பாட்டு.