சிமெண்ட் மணி உருட்டும் பதம்

கால் எலும்பில் சீழ் பிடித்து, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்த பிறகு ஒரு குழி மிஞ்சும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்ட் (வீடு கட்டுவதல்ல; எலும்பு அறுவைக்கான, கலந்தால் இறுகும் பிளாஸ்டிக்) மணிகளைக் குழிக்குள்ளேயே வைக்கும் முறை 1970களில் ஜெர்மனியில் வந்தது. 7 மில்லிமீட்டர் மணிகளைக் கம்பியில் கோத்து ரெடிமேடாகவும் விற்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அதெல்லாம் வந்ததில்லை, நாங்களே உருட்டிக்கொள்கிறோம். எலும்பு அறுவை படிக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

40 கிராம் போன் சிமெண்ட் பாக்கெட் ஒன்று, 1 கிராம் வேன்கோமைசின் (ஆன்டிபயாடிக் தூள்) குப்பி இரண்டு, அறுவைக்கான ஸ்டீல் கம்பி. அவ்வளவுதான். ஹார்ட்வேர் கடைக் கம்பி கூடாது. மருந்தைக் கல்ச்சர் ரிப்போர்ட் (எந்தக் கிருமி, எதற்கு மடியும்), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), அலர்ஜி எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிமெண்ட் இறுகும்போது நன்றாகச் சுடும்; வேன்கோமைசின், ஜென்டாமைசின் போல அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்துதான் சரிப்படும். அதற்காக ஊசி மருந்து ஜென்டாமைசினை ஊற்றிவிடாதீர்கள். ஈரம் சேர்ந்தால் சிமெண்டின் பலம் போய்விடும்.

முதலில் கம்பியை இரண்டாக மடித்து முறுக்குங்கள். ஒற்றைக் கம்பியில் மணி வழுக்கும். இரண்டு முனையிலும் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். இதைத் தவறவிட்டு நான் பட்ட பாட்டை அப்புறம் சொல்கிறேன்.

சிமெண்ட், மருந்து இரண்டு தூளையும் உலர்வாகக் கலந்து, கட்டிகளைக் கரண்டியின் முதுகால் நசுக்குங்கள். அப்புறம்தான் சிமெண்டோடு வரும் திரவம். அதன் நெடி மூக்கைத் துளைக்கும், கையுறையையும் ஊடுருவும். அதனால் இரண்டு ஜோடி போடுங்கள். கர்ப்பிணி சிஸ்டர் யாராவது இருந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள். மூட்டு மாற்று அறுவையில் சிமெண்டுக்குள் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது என்பார்கள். இங்கே கையால் கலந்தாலே போதும், குமிழி இருந்தால் மருந்து இன்னும் நன்றாகக் கசியும்.

கையுறையில் ஒட்டாமல் வரும் நேரம்தான் பதம். சில நிமிஷம்தான் கிடைக்கும். நான் முதல்முறை உருட்டியது குலாப் ஜாமூன் அளவில் இருந்தது. "சார், சீடை உருட்டிப் பார்த்ததே இல்லையா?" என்றார் தியேட்டர் சிஸ்டர். கொண்டைக்கடலை அளவு போதும். மணி சிறிதானால் மொத்தப் பரப்பு கூடும், மருந்தும் கூடுதலாக வெளியே வரும். கம்பியைச் சுற்றி அழுத்தி, இடைவெளி விட்டு வையுங்கள். முழுதாக இறுகி, சூடு ஆறிய பிறகே குழிக்குள் போக வேண்டும்.

இனி எண்ணிக்கை. ஒருமுறை 18 மணி வைத்தேன், எடுக்கும்போது 17 வந்தது. முனையில் வளையம் இல்லாததால் ஒன்று கழன்று எலும்புக்குப் பின்னால் போயிருந்தது. சிமெண்டில் பேரியம் இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரிந்தது, பிழைத்தேன். ஆனால் அந்த ஒரு மணிக்காக நோயாளி மேலும் 40 நிமிஷம் மேசையில் கிடந்தார்.

அதிலிருந்து போர்டு, ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் அட்டை மூன்றிலும் எண்ணிக்கையை எழுதுகிறோம். வழக்கமாக ஆறு வாரத்துக்குள் எடுத்துவிடுவோம். மருந்து தீர்ந்த மணியில் கிருமி குடியேறும். சதையும் சுற்றி வளர்ந்து கம்பி வராது. போன மாதம் ஒரு பாட்டிக்கு முதுகில் ஊசி போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் கிண்ணத்தில் விழும் சத்தத்தை, திரைக்கு அந்தப் பக்கம் படுத்தபடி எண்ணிக்கொண்டே வந்தார். "15 தான் ஆச்சு, இன்னும் ஒண்ணு இருக்கு டாக்டர்" என்றார்.