வலி இடது காலில், கைத்தடி வலது கையில்: இளம் வயதினரைச் சந்தேகப்படும்போது நடக்கும் தவறுகள்

பேருந்தில் 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதியிருந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்ற பெரியவர் என் கைத்தடியைப் பார்த்தார், அப்புறம் காலைப் பார்த்தார். எந்தக் காலில் வலி என்று கேட்டார். இடது என்றேன். "அப்புறம் ஏம்மா தடியை வலது கையில பிடிச்சிருக்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வயது 26.

அடிக்கடி நடக்கும் தவறு இது. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிப்பதுதான் சரியான முறை. ஒரு காலில் நிற்கும்போது, இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருக்க, ஊன்றிய காலின் பக்கத்து இடுப்புத் தசைகள் கடுமையாக இழுக்கின்றன. அதனால் அந்தப் பக்க இடுப்பு மூட்டின்மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆகிவிடும். எதிர்க்கையில் தடியை ஊன்றினால் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, மூட்டுக்குப் பாரம் குறைகிறது. வலிக்கிற பக்கமே பிடித்தால் இந்தப் பலன் பெரிதாகக் கிடைக்காது. 'நடிக்கிறாள்' என்பதற்கு அவர் கண்ட சாட்சி, மருத்துவமனையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அடுத்தது, "காலையில நொண்டுன, சாயங்காலம் நல்லா நடக்குற." எனக்கு இருப்பது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பையும் இடுப்பையும் பிடிக்கும் வாத நோய். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். 'இந்த வயசுல என்ன மூட்டு வலி' என்று கேட்பவர்களுக்கு, இது வருவதே இந்த வயதில்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால், படுத்தால் இறுகும்; நடக்க நடக்கத்தான் இளகும். அதனால் பேருந்திலிருந்து இறங்கும்போது தடி இல்லாமல் முடியாது, அரை மணி நேரம் நடந்தபின் அதைக் கையில் தூக்கிக்கொண்டே போவேன். இரண்டுமே நான்தான். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு வேறு மாதிரி: வெயிலில் உடல் சூடேறினால் பலருக்குக் கால் தளரும், நிழலில் இருந்தால் தேறும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது இன்னொன்று. சலுகைக்காக நடத்துனர் கேட்டால் சரி, அது அவர் வேலை. பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். அந்த அளவு வராத ஒருவருக்கும் தடி தேவைப்படலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

தடியைப் பிடித்து இழுத்து உதவ வேண்டாம். கேட்டுவிட்டுக் கையைக் கொடுங்கள்.

வீட்டில் நடப்பது வேறு. "கல்யாணம் முடியுற வரைக்கும் தடியோட வெளிய போகாத" என்று அத்தை சொன்னது அக்கறையில்தான். நானும் ஏழு மாதம் அதைக் கட்டிலுக்கு அடியிலேயே போட்டு வைத்திருந்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததில் நல்ல காலும் வலிக்க ஆரம்பித்ததுதான் மிச்சம்.

கடைசியாக, தடி பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு. அந்தப் பெரியவர் கேட்டதற்கு அப்புறம் பல நாள், பேருந்தில் ஏறும்போது வேண்டுமென்றே கூடுதலாக நொண்டினேன். நம்புவார்களே என்று. தடியை இடது கைக்கும் மாற்றிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் இடுப்பு வலி தூங்கவிடவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் போனபோது அவர் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வருகிறதா என்று பார்த்தார். ஒரு துளை இறக்கினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதை என் வலது கையில் கொடுத்தார்.