டிரான்ஸ்ஃபர் விண்டோவ பிபி ஏறாம தாண்டுறது எப்படி? ஆர்சனல் வீட்டுல வளந்தவன் சொல்றேன்

ஃபுட்பால் கிளப்புங்க பிளேயர்ஸ வாங்க விக்க விடுற காலத்துக்குப் பேர் தான் டிரான்ஸ்ஃபர் விண்டோ. ஜூன் மாசம் வந்துட்டா எங்க ஃபேமிலி குரூப்ல மேட்ச் நடக்குற சீசன விட சண்டை ஜாஸ்தி. அப்பா, பெரியப்பா, நான் மூணு பேரும் லண்டன் கிளப் ஆர்சனல் ஃபேன்ஸ். தம்பி எப்படியோ செல்சி பக்கம் போயிட்டான், அவன திருத்த முடியாது. அக்கா பையனுக்கு கிளப்னு ஒண்ணே கிடையாது, ரொனால்டோ யுவென்டஸ் போனா யுவென்டஸ், மறுபடி மான்செஸ்டர் யுனைடெட் வந்தா யுனைடெட், அப்புறம் அல் நாசர் மேட்சுக்கு அலாரம் வெச்சு எந்திரிக்கிறான். இத்தனை பேரும் ஒரே குரூப்ல இருந்துட்டு கோடை முழுக்க வெறும் வதந்தியிலயே ஓட்டணும்னா அதுக்கு ஒரு முறை வேணும்ல. எங்க வீட்டுல அடிச்சுப் புடிச்சு வந்து சேந்த முறை இது, வேற கிளப் ஆளுங்களுக்கும் ஒத்துவரும்.

மொதல்ல "அந்தக் காலத்துல விசுவாசம் இருந்துச்சு, இப்ப எல்லாம் காசு"ங்கிற டயலாக்க தூக்கிப் போட்டுடுங்க. எங்க பெரியப்பா வருஷா வருஷம் இதத்தான் ஆரம்பிப்பார், அப்பா ஒரே பேர சொல்லி வாய மூட வெப்பார்: மைக்கேல் தாமஸ். 1989 மே 26, லிவர்பூலோட கிரவுண்ட் ஆன்ஃபீல்டு, லீக்கோட கடைசி மேட்ச், ஆர்சனல் ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாத்தான் சாம்பியன், இஞ்சுரி டைம்ல தாமஸ் ரெண்டாவது கோல போட்டு லிவர்பூல் கைக்கு வந்த டைட்டில பிடுங்கினார். அப்பா அத ரேடியோல, சத்தம் வந்தும் வராமயும் கேட்டு ஆர்சனல் ஆளா ஆனவர். அதே தாமஸ் 1991 டிசம்பர்ல எங்க போனார்னு நெனைக்கிறீங்க, லிவர்பூலுக்கே தான், 1992 எஃப்ஏ கப் ஃபைனல்ல அவங்களுக்காக கோலும் போட்டார். ஆக ஆளு மாறுறது புதுசு இல்ல. மாறினது காண்ட்ராக்ட் யார் கையில இருக்குங்கிறதும், கிளப் எப்படி கணக்கு எழுதுதுங்கிறதும் தான். இந்த ரெண்டும் புரிஞ்சா முக்காவாசி டென்ஷன் குறைஞ்சிடும்.

அதனால எந்த டிரான்ஸ்ஃபர் நியூஸ் வந்தாலும் விலைய பாக்காதீங்க, அந்த பிளேயருக்கு காண்ட்ராக்ட் எத்தன வருஷம் மிச்சம் இருக்குன்னு மொதல்ல தேடுங்க. இத கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது, ஆனா நம்ம ஆளுங்க யாரும் பண்ண மாட்டாங்க. 1995 டிசம்பர்ல ஐரோப்பிய கோர்ட்டு போஸ்மான் கேஸ்ல தீர்ப்பு சொன்னதுல இருந்து கதையே மாறிடுச்சு. போஸ்மான் பெல்ஜியத்து பிளேயர், காண்ட்ராக்ட் முடிஞ்ச பிறகும் பழைய கிளப் காசு கேட்டு வேற கிளப்புக்கு விடலன்னு கேஸ் போட்டார், ஜெயிச்சார். அதுக்கப்புறம் காண்ட்ராக்ட் முடிஞ்சா பிளேயர் ஃப்ரீ, பழைய கிளப்புக்கு ஒரு பைசா கிடையாது, கடைசி ஆறு மாசம் இருக்கும்போதே வெளிநாட்டு கிளப்போட முன்கூட்டியே கையெழுத்தும் போடலாம்.

இதோட அர்த்தம் என்னன்னா, மூணு நாலு வருஷம் மிச்சம் இருந்தா கிளப் ராஜா, ஒரு வருஷம் தான் மிச்சம்னா பிளேயரும் அவனுக்காக பேரம் பேசுற ஏஜென்டும் ராஜா. 2012-ல எங்க ஸ்ட்ரைக்கர் வான் பெர்சிக்கு ஒரே வருஷம் பாக்கி, ஜூலைல தன்னோட வெப்சைட்லயே புது காண்ட்ராக்ட் போட மாட்டேன்னு எழுதிட்டார், எங்க மேனேஜர் வெங்கருக்கு வேற வழி இல்ல, 24 மில்லியன் பவுண்டுக்கு யுனைடெட்டுக்கு கொடுத்தாங்க. அவர் அங்க போன மொத சீசன்லயே 26 லீக் கோல் போட்டு அவங்கள சாம்பியன் ஆக்கினார். இத எழுதும்போது கூட கை நடுங்குது. 2018 ஜனவரில சான்செஸ், ஆறு மாசம் தான் பாக்கி, அவர யுனைடெட்டுக்கு கொடுத்துட்டு அங்க இருந்து மிக்கிடாரியன மாத்திக்கிட்டாங்க. 2019-ல ராம்சி சும்மாவே யுவென்டஸ் போனார். பாத்தீங்கன்னா மூணுலயும் தப்பு விக்கிற அன்னைக்கு நடக்கல, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நடந்திருச்சு. அதனால உங்க கிளப்ல நல்லா ஆடுற ஒருத்தனுக்கு ரெண்டு வருஷம் தான் பாக்கி, புது காண்ட்ராக்ட் பேச்சே இல்லன்னா, கத்தவேண்டிய நேரம் அது தான். அவன் போற அன்னைக்கு கத்தி பிரயோஜனம் இல்ல.

(இதே விதி நமக்கு சாதகமாவும் அடிச்சிருக்கு, அத சொல்லாம விட்டா தம்பி சும்மா விடமாட்டான். 2001-ல சோல் கேம்ப்பெல், எங்க பரம எதிரி டாட்டன்ஹாமோட கேப்டன், காண்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீயா ஆர்சனலுக்கு வந்தார். 2004-ல டாட்டன்ஹாம் கிரவுண்டுலயே நாங்க லீக்க உறுதி பண்ணினப்ப அவரும் டீம்ல இருந்தார். அன்னைக்கு மட்டும் பெரியப்பா விசுவாசம் பத்தி ஒரு வார்த்தை பேசல.)

அடுத்தது, நியூஸ யார் சொல்றாங்கன்னு பாருங்க. "ஆர்வம் காட்டுறாங்க", "கவனிச்சிட்டு இருக்காங்க"ன்னு வந்தா அது நியூஸே இல்ல, எல்லா கிளப்பும் எல்லாரையும் கவனிக்கிறது தான் அவங்க வேலையே. பெரும்பாலும் இத வெளிய விடுறது ஏஜென்ட், இருக்குற கிளப்ல சம்பளம் ஏத்துறதுக்கு. ரேட் ஒத்துக்கிட்டாங்க, மெடிக்கல் டெஸ்ட் புக் ஆயிடுச்சுன்னு வந்தா மட்டும் நிமிந்து உக்காருங்க. டிரான்ஸ்ஃபர் நியூஸ் ரிப்போர்ட்டர் ஃபாப்ரிசியோ ரோமானோ "ஹியர் வி கோ" போட்டுட்டார்னா பெரும்பாலும் முடிஞ்ச கதை, எங்க கிளப்புக்குன்னா இன்னொரு ரிப்போர்ட்டர் டேவிட் ஓர்ன்ஸ்டீன் சொன்னா அப்பாவே நம்புவார். அதுக்கு முன்னாடி வர்றது எல்லாம் டைம்பாஸ், டைம்பாஸா படிச்சா தப்பில்ல.

காண்ட்ராக்ட்ல இருக்குற ரிலீஸ் க்ளாஸ், அதாவது இவ்ளோ ஆஃபர் வந்தா ஆள விடணும்ங்கிற ஷரத்து, பத்தி யாராவது அடிச்சு சொன்னாலும் அப்படியே எடுத்துக்காதீங்க. 2013-ல லிவர்பூல் ஸ்ட்ரைக்கர் சுவாரஸ் காண்ட்ராக்ட்ல 40 மில்லியனுக்கு மேல ஆஃபர் வந்தா விட்டே ஆகணும்னு இருக்கறதா நெனச்சு ஆர்சனல் 40 மில்லியனும் கூட ஒரு பவுண்டும்னு ஆஃபர் போட்டுச்சு. லிவர்பூல் ஓனர் அங்க என்னத்த புகைக்கிறாங்கன்னு ட்விட்டர்ல கேட்டு மானத்த வாங்கினார், ஆளையும் விடல. ஒரு பவுண்டு கூட போட்ட அந்த ஐடியா யாரோடதோ, அவர ஒரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசை.

நழுவிப் போன பிளேயருக்காக அழறதையும் விட்டுடுங்க. 2023 ஜனவரில முட்ரிக் எங்களுக்கு தான்னு இருந்துச்சு, வாரக்கணக்குல பேச்சுவார்த்தை, திடீர்னு செல்சி உள்ள பூந்து தூக்கிட்டு போயிருச்சு. தம்பி அன்னைக்கு குரூப்ல போட்ட ஸ்டிக்கர் எண்ணிக்கைக்கு அளவே இல்ல. ஆர்சனல் அதுக்கு பதிலா பிரைட்டன்ல இருந்து ட்ரோசார்ட பாதி விலைக்கும் கம்மியா எடுத்துச்சு, மார்ச்ல ஃபுல்ஹாம் மேட்ச்ல ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே மூணு கோலுக்கு பாஸ் கொடுத்தார். நாங்களும் ஸ்டிக்கர் போட்டோம்.

இப்ப விலை விஷயம். பேப்பர்ல வர்ற நம்பர் மொத்தமா ஒரே நாள்ல கைமாறுறது இல்ல, தவணைல போகும், அதுல ஒரு பகுதி ஆட்-ஆன், இத்தன மேட்ச் ஆடினா இவ்ளோ, கப் ஜெயிச்சா இவ்ளோன்னு. 2023-ல டெக்லன் ரைஸ் 100 மில்லியன் கூட 5 மில்லியன்னு வந்தது அப்படித்தான். விக்கிற கிளப் முன்னாடி அந்தப் பையன வாங்கினப்ப செல்-ஆன், அதாவது அடுத்து வித்தா பங்கு தரேன்னு, ஒத்துக்கிட்டிருந்தா அந்தப் பழைய கிளப்புக்கும் பங்கு போகும். கிளப்போட கணக்குப் புஸ்தகத்துலயோ வேற கதை, விலைய காண்ட்ராக்ட் வருஷத்தால வகுத்து வருஷத்துக்கு இவ்ளோன்னு செலவு எழுதுவாங்க. 100 மில்லியனுக்கு வாங்கி அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் போட்டா வருஷத்துக்கு 20 தான் செலவு. இது தெரிஞ்சா செல்சி ஏன் முட்ரிக்குக்கு எட்டரை வருஷ காண்ட்ராக்ட் கொடுத்துச்சுன்னு தன்னால புரியும்: 62 மில்லியன் பவுண்ட எட்டரையால வகுத்தா வருஷத்துக்கு ஏழு சொச்சம். ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம் யூயெஃபா 2023-ல முழிச்சுக்கிட்டு, காண்ட்ராக்ட் எத்தன வருஷம் வேணா போடுங்க, கணக்குல அஞ்சு வருஷத்துக்கு மேல இழுக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு, இங்கிலாந்தோட டாப் லீக்கான பிரீமியர் லீக்கும் அதே வருஷக் கடைசில அத புடிச்சுக்கிச்சு.

எனக்கு உண்மையிலயே கோவம் வர்ற இடம் இதோட மறுபக்கம். அகாடமில, அதாவது சின்னப் பசங்கள எடுத்து வளக்குற கிளப்போட சொந்த ஸ்கூல்ல, வளந்த பையனுக்கு கிளப் விலை எதுவும் கொடுக்கல, அதனால கணக்குல அவன் மதிப்பு சைபர், வித்தா வர்ற முழு காசும் அந்த வருஷ லாபம். வாங்கின பிளேயர வித்தா இன்னும் எழுதித் தீராத மிச்சத்த கழிச்சது போக தான் லாபம். மூணு வருஷத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுன்னு பிரீமியர் லீக் விதி வெச்சது, அத மீறின எவர்டன் கிளப்புக்கு 2023-ல 10 பாயின்ட் வெட்டினாங்க, அப்பீல்ல 6 ஆச்சு, ஃபாரஸ்டுக்கு 2024-ல 4 பாயின்ட் போச்சு. இதெல்லாம் பாத்து பயந்த கிளப்புங்க நஷ்டத்த அடைக்க சுலபமான வழி என்னன்னு பாத்தா, வீட்டுப் பையன விக்கிறது. கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுடறாங்க. பத்து வயசுல ஆர்சனலுக்கு வந்த ஸ்மித் ரோவ 2024-ல ஃபுல்ஹாமுக்கு கொடுத்தப்ப அவர் ஃபார்ம், காயம்னு ஆயிரம் காரணம் சொன்னாங்க, இருக்கலாம், ஆனா காசு கொடுத்து வாங்கின வேற ஒருத்தனா இருந்தா இவ்ளோ சீக்கிரம் நடந்திருக்குமாங்கிறது என் கேள்வி. தம்பி பாடு இன்னும் மோசம், ஆறு வயசுல இருந்து செல்சில இருந்த மேசன் மவுண்ட் 2023-ல யுனைடெட்டுக்கு, கேலகர் 2024-ல அட்லெட்டிகோவுக்கு. அன்னைக்கு மட்டும் நான் அவன ஓட்டல. நஷ்டத்த கட்டுப்படுத்துற விதி நல்லது தான், கிளப்புங்க கடன்ல மூழ்கி செத்ததெல்லாம் பாத்திருக்கோம், ஆனா சொந்தப் பையன விக்கிறவனுக்கு போனஸ் மாதிரி ஒண்ணு கிடைக்குதுன்னா அந்த விதிய எழுதினவங்க ஸ்டேண்டுல உக்காந்து மேட்ச் பாத்தவங்களா இருக்க முடியாது.

ஆள் வந்த பிறகு மார்க் போட அவசரப்படாதீங்க. எங்க வீட்டுல மூணு சீசன் முடியாம யாரையும் ஃப்ளாப்னு சொல்லக்கூடாதுன்னு அப்பா ரூல் போட்டிருக்கார், சும்மா ஒண்ணும் இல்ல. 2019 கோடைல ஆர்சனல் பெப்பேவ 72 மில்லியன் பவுண்டுக்கு, அப்ப கிளப் ரெக்கார்டு, வாங்கிச்சு, எல்லாரும் குதிச்சோம். அதே கோடைல வாங்கின சலிபாவ மூணு வருஷம் பெரும்பாலும் வேற கிளப்புங்களுக்கு லோன்லயே சுத்த விட்டாங்க, பிரேசில்ல இட்டுவானோன்னு ஒரு சின்ன கிளப்ல இருந்து மார்ட்டினெல்லின்னு ஒரு பையன சில்லறைக் காசுக்கு கொண்டுவந்தாங்க. பெப்பே கடைசில காண்ட்ராக்ட்ட முறிச்சுக்கிட்டு போனார், மத்த ரெண்டு பேர் டீமுக்கே தூணா நின்னாங்க. இதவிட நல்ல உதாரணம் 2011: ஃபேப்ரகாஸ் போயாச்சு, நஸ்ரி போயாச்சு, யுனைடெட்டோட கிரவுண்ட் ஓல்ட் டிராஃபோர்டுல 8-2 வாங்கியாச்சு, கடைசி ரெண்டு மூணு நாள்ல கண்ணுல பட்டவன எல்லாம் வாங்கினாங்கன்னு உலகமே சிரிச்சுது. அப்படி பதட்டத்துல வாங்கின ஆட்கள்ல ஒருத்தர் ஆர்ட்டெட்டா, 2019 டிசம்பர்ல மேனேஜரா வந்தார். இன்னொருத்தர் மெர்டசாக்கர், அகாடமி பொறுப்புக்கு போனார். 2011-ல பெரியப்பா அந்த லிஸ்ட்ட பாத்துட்டு டிவிய அணைச்சவர், இத ஞாபகப்படுத்தினா பேச்ச மாத்திடுவார்.

போறவன எப்படி வழியனுப்புறதுங்கிறதுல எங்களுக்குள்ள ஒத்துப்போகவே இல்ல. அப்பா எல்லாரையும் மன்னிப்பார், அனெல்காவ கூட, கேட்டா 1997-ல அஞ்சு லட்சம் பவுண்டுக்கு வாங்கின பையன ரெண்டு வருஷத்துல 22 மில்லியனுக்கு மேல ரியல் மாட்ரிட்டுக்கு வித்தோம், ஹென்றிய வாங்க அந்தக் காசு தான் கை கொடுத்துச்சுன்னு கணக்கு சொல்வார். நான் அப்படி இல்ல. 2013 ஏப்ரல்ல எங்க கிரவுண்ட் எமிரேட்ஸ்ல சாம்பியன் யுனைடெட்டுக்கு எங்க பிளேயர்ஸ் ரெண்டு வரிசையா நின்னு கைதட்ட, நடுவுல வான் பெர்சி நடந்து வந்தத அப்பா முழுசா பாத்தார், நான் ரூம விட்டு வெளிய போயிட்டேன். இது அவங்கவங்க வயித்தெரிச்சல பொறுத்தது, அட்வைஸ் கிடையாது.

வீட்டுல சின்னப் பசங்க இருந்தா ஒண்ணே ஒண்ணு. ஜெர்சில பேர் அடிக்கிறதுக்கு முன்னாடி திரும்பவும் அந்த காண்ட்ராக்ட் வருஷத்த பாருங்க, மூணுக்கு கம்மின்னா பையன் பேரையே அடிச்சுடுங்க. எஸே பேர் அடிக்கிற விஷயத்துல மட்டும் நான் யோசிக்கல. சின்ன வயசுல ஆர்சனல் அகாடமிக்கு வந்து 13 வயசுல வேணாம்னு அனுப்பப்பட்ட பையன், 2025 ஆகஸ்ட்ல டாட்டன்ஹாம் கிட்டத்தட்ட முடிச்சு வெச்ச டீல விட்டுட்டு இங்க வர்றான், நவம்பர்ல அதே டாட்டன்ஹாமுக்கு எதிரா ஹாட்ரிக். பெரியப்பா விசுவாசம்னு ஆரம்பிச்சார், இந்த தடவ அப்பா குறுக்க பேசல.

கடைசி நாள் ராத்திரி முழிச்சிருக்க வேண்டாம். டெட்லைன் முடிஞ்சாலும் டீல் ஒத்துக்கிட்டோம்னு சொல்ற டீல் ஷீட்னு ஒண்ணு நேரத்துக்குள்ள அனுப்பியிருந்தா மிச்ச பேப்பர முடிக்க இங்கிலாந்துல ரெண்டு மணி நேரம் கூட கொடுப்பாங்க, அதனால நீங்க எவ்ளோ நேரம் உக்காந்தாலும் பாதிக் கதை தான் தெரியும். 2015-ல யுனைடெட் கோல்கீப்பர் டி கியா ரியல் மாட்ரிட் போறது எல்லாம் முடிஞ்ச பிறகு பேப்பர் லேட்டா போய் நின்னுடுச்சு, அன்னைக்கு கண்ணு முழிச்சவனுக்கு என்ன கெடச்சுது. தூங்கி எந்திரிச்சு, சில நாள் கழிச்சு ஒவ்வொரு கிளப்பும் லீக்குக்கு கொடுக்குற 25 பேர் லிஸ்ட் வரும், அத பாருங்க, 21 வயசுக்கு உட்பட்ட பசங்க அதுல இருக்க வேண்டியதில்ல, மத்தவன் பேர் இல்லன்னா அவன் ஜனவரி வரைக்கும் லீக்ல இறங்க முடியாது. எங்க குரூப்ல அன்னைக்கு தான் விண்டோ அதிகாரப்பூர்வமா முடியும், அக்கா பையன் மட்டும் ரொனால்டோ இன்னும் எங்கயாவது வருவாரான்னு கேட்டுட்டு இருப்பான்.